இரண்டு முனையிலும் முடிச்சு

கள்ளித்தேரியில் தசராவுக்குப் போட்ட வேஷம் பத்து நாள் கழிந்தும் உடம்பைவிட்டு இறங்காமல் நின்றது பேச்சிக்கனி ஒருத்திக்குத்தான், அதுவும் போலீஸ் வேஷம், அதுவும் அவளே தைத்த சட்டை, அதில் காலரின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஒரு விரற்கடை நீளம். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். நாங்கள் பிளக்கவில்லை. சட்டை இறங்கவில்லை என்று தெரிந்ததும் எங்களுக்கு வந்த முதல் கவலை, இனி மீன் எப்போது சாப்பிடுவது என்பதுதான்.

எங்கள் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தேரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் தசராவின் பத்து நாளும் ராஜாவாகவும் குறத்தியாகவும் கரடியாகவும் டாக்டராகவும் வேஷம் கட்டி வீடு வீடாகப் போய் அம்மனுக்கு அரிசி வாங்குவார்கள். வேஷம் வாசலில் வந்து கூப்பிட்டால் கதவைத் திறக்க வேண்டும், வேஷம் நடந்து போகும்போது யாரும் குறுக்கே நிற்கக் கூடாது, வேஷமும் நிலைப்படி தாண்டி உள்ளே கால் வைக்கக் கூடாது, கடைசி வேஷம் கழலும்வரை கோயில் கொடி இறங்காது, கொடி இறங்கும்வரை ஊரில் கவுச்சி கிடையாது, கல்யாணம் கிடையாது. ஒரு தடவை ஒருவர் குறத்தி வேஷத்தின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார், மறுநாளே அவர் வீட்டுக் கிணறு கரித்தது என்பார்கள். உப்பளத்தை ஒட்டி இருக்கிற கிணறு கரிக்காமல் என்ன செய்யும் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை.

வேஷத்துக்கான உடுப்பெல்லாம் சிவதாணுவின் கடையில்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும். அவர் தைப்பது முழுக்க லேசான ஓட்டத் தையல், நூலின் ஒரு முனையில் முடிச்சு இருக்கும், மறுமுனை சும்மா தொங்கும்; பதினோராம் நாள் காலையில் அந்த முனையைப் பிடித்து இழுத்தால் ராஜாவும் டாக்டரும் சரசரவென்று துணித் துண்டுகளாக உதிர்ந்துவிடுவார்கள், போட்டிருந்தவர் பனியனோடு நின்று நெளிவார். அந்த முனை அம்மனுக்கு விட்டது, கொடுத்த வேஷத்தை அவள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டாமா என்பார் சிவதாணு. யாருக்கு எந்த வேஷம் என்பதையும் அம்மன் சார்பில் அவரேதான் முடிவு செய்வார். வசதியானவருக்கு ராஜா, வாத்தியாருக்கு வக்கீல், உப்பளத்துப் பெண்களுக்குக் குறத்தி. எத்தனையோ வருஷமாக இப்படித்தான் நடந்தது, எங்களில் யாருக்கும் அது உறுத்தவே இல்லை.

பேச்சிக்கனி உப்பளத்தில் மூட்டை தைக்கிறவள். கோணி ஊசியும் சணலுமாக உட்கார்ந்தால் உச்சிவெயிலுக்குள் நூறு மூட்டையின் வாயை மூடிவிடுவாள். தாய் தகப்பன் இல்லாத அவளுக்கு இருந்த ஒரே உறவு அக்கா தங்கபுஷ்பம். பந்தல் கடை லிங்கத்துரைக்கு வாழ்க்கைப்பட்ட அந்த அக்கா, சித்திரை மாதம் ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர் சொன்ன எதற்கோ சிரித்திருக்கிறாள், பின் சீட்டில் இருந்த லிங்கத்துரை அதைப் பார்த்துவிட்டான். அன்றைக்கு வீட்டுக்குள் போனவள் பிறகு வெளியே வரவில்லை. பகலெல்லாம் அவன் அம்மா ராஜகனி வாசலைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு காவல் இருந்தாள். பேச்சிக்கனி ஏழு தடவை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஏழு தடவையும் ஏட்டையா அவளை வாசலிலேயே நிறுத்தி, "புருஷன் வீட்டுல பொண்டாட்டி இருக்கிறதுக்குப் பேரு காணாமப் போறதாட்டி?" என்று கேட்டு அனுப்பினார். எங்களிடமும் வந்தாள். அது குடும்ப விஷயம் என்றோம். எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன், இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆவணியில் அவள் சிவதாணு கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, போலீஸ் வேஷம் ஒண்ணு வேணும்."

"ஒனக்கா?" சிவதாணுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "குறத்திப் பாவாடை புதுசா வந்திருக்குட்டி. பாசிமாலையும் சேத்துத் தாரேன், எடுத்துட்டுப் போ."

"போலீஸ்தான் வேணும். அம்மனுக்கு நேந்துக்கிட்டேன்."

"எங்கிட்ட அம்மன் ஒண்ணும் சொல்லலையே."

"காக்கி போட்டவுக எங்கக்கா வாசலுக்கு வர மாட்டேங்காக. அப்ப நாந்தான காக்கியைப் போட்டுட்டுப் போணும்?"

"அது பொம்பளைக்குத் தச்சது இல்ல. போ, போயி வேலையைப் பாரு."

"சரி, நானே தச்சுக்கிடுதேன்" என்றாள் பேச்சிக்கனி.

கடையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். மூட்டை தைக்கிறவள் சட்டை தைக்கப் போகிறாளாம் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சிரித்தது. சிரித்ததில் ஒரு நியாயமும் இருந்தது, ஏனென்றால் அவள் முதலில் வாங்கிய காக்கித் துணியை நனைக்காமலே வெட்டித் தைத்து, பிறகு துவைத்துக் காயப்போட்டதில் அது எட்டு வயசுப் பிள்ளைக்கு ஆகிற மாதிரி சுருங்கிப்போனது. இரண்டாம் தடவை நனைத்து உலர்த்தி வெட்டினாள், தையலுக்கென்று ஓரம் விடாமல் உடம்பின் அளவுக்கே வெட்டிவிட்டதால் பட்டன் போட்டால் மூச்சு விட முடியவில்லை. மூன்றாம் தடவை ஓரம் விட்டாள், ஆனால் இரண்டு கையும் இடது கையாக அமைந்துவிட்டது, வலது பக்கம் அதைப் பொருத்தியபோது கை முதுகைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அவள் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, தன்னிடம் இருந்த நல்ல ரவிக்கை ஒன்றை முழுக்கப் பிரித்து, எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்று தரையில் பரப்பி வைத்துப் பார்த்தாள். நாலாவது சட்டை சட்டையாகவே வந்தது.

ஆனால் தையல் மட்டும் மூட்டைத் தையல். ஒவ்வொரு குத்தும் ஒரு அடி பின்னால் போய் இரண்டடி முன்னால் வரும், நூலின் இரண்டு முனையிலும் முடிச்சு, முடிச்சை உப்புத் தண்ணீரில் முக்கிப் பல்லால் கடித்து இறுக்குவாள். மூட்டையில் முனையை விட்டால் லாரியில் ஏறுமுன்பே உப்பு கொட்டிப்போகும், சட்டையும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். அம்மனுக்கு ஒரு முனை விட வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, நாங்கள் சிரிப்பதில் மும்முரமாக இருந்தோம்.

பத்து நாளும் அவள் மற்ற வீடுகளை அவசர அவசரமாக முடித்துக்கொண்டு லிங்கத்துரை வீட்டு வாசலில் போய் நின்றாள். வேஷம் என்பதால் ராஜகனி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவைத் திறந்து அரிசி போட்டாள். அந்த நேரத்தில் கூடத்தின் அரையிருட்டில் தங்கபுஷ்பம் வந்து நிற்பாள், தங்கச்சியைப் பார்ப்பாள், மெலிந்துபோன கையை லேசாகத் தூக்குவாள், அவ்வளவுதான். ஐந்து மாதமாகப் பார்க்காத முகத்தைத் தினம் ஒரு படி அரிசி விழுகிற நேரத்துக்குப் பார்த்தாள் பேச்சிக்கனி. பத்தாம் நாள் திரும்பி நடந்தபோது, நாளையிலிருந்து இந்தக் கதவு திறக்காதே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பதினோராம் நாள் காலையில் கோயில் மைதானத்தில் எல்லாரும் முனையை இழுத்தார்கள், ராஜாக்கள் உதிர்ந்தார்கள், கரடிகள் உதிர்ந்தன, பேச்சிக்கனியின் சட்டை அப்படியே நின்றது. பட்டனைக் கழற்றினாள், கழன்றது, ஆனால் துணி தோளைவிட்டு நகரவில்லை. சிவதாணு தன் பெரிய கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார், கத்தரிக்கோல் காக்கியின் மேல் வழுக்கிப்போனது. பூசாரி கற்பூரம் காட்டினார். கடைசியில் சிவதாணு தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு முனையிலும் முடிச்சுப் போட்டிருக்கா, அம்மன் எங்கனகூடிப் புடிச்சு இழுப்பா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். போட்டவள்தான் அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொட்டால் அவிழாது என்றார்.

பேச்சிக்கனியின் கை இடது பைக்குள் போனது. கடைசி முடிச்சு அங்கேதான் இருந்தது. விரலில் பட்டதும் அது இளகியதை உணர்ந்தாள். கையை வெளியே எடுத்துவிட்டாள்.

"அவுத்தா எங்கக்கா வாசல் அடைஞ்சிரும். அவ வெளிய வரட்டும், அன்னைக்கு அவுக்கேன்."

கொடி இறங்கவில்லை. கடலில் சாளை மீன் கொழுத்துக் கிடந்தது, வலைகள் கரையில் காய்ந்தன, நாங்கள் கத்தரிக்காயும் புடலங்காயும் தின்றோம். முதல் வாரம் அவளைக் கண்டால் பையன்கள் சல்யூட் வைத்துக் கேலி செய்தார்கள். இரண்டாவது வாரம் ஆடு காணாமல்போன ஒருவர், ஸ்டேஷனுக்கு நடக்க அலுத்துக்கொண்டு, இவளும் காக்கிதானே என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் மூட்டையில் கட்டுகிற அட்டை ஒன்றை எடுத்து ஆட்டின் நிறம், கொம்பு, காதில் இருந்த கிழிசல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, மறுநாள் ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது வாரம் உப்புக் குவியலின் நிழலில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், வரப்புத் தகராறு, தண்ணீர்த் தகராறு, டியூஷனுக்குப் போகிற பிள்ளைகளை வழிமறிக்கிற தடியன்கள். அவள் செய்ததெல்லாம் உட்கார்ந்து முழுக்கக் கேட்டதும், பிறகு எழுந்து நேரே போய்ப் பார்த்ததும்தான். அதற்கே பாதி வழக்கு தீர்ந்துபோனது.

ஏட்டையாவுக்கு இது பொறுக்கவில்லை. ஸ்டேஷன் கத்தரிக்கோலோடு வந்தார், அதுவும் வழுக்கியது. பேப்பரில் 'கழற்ற இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போகிற போக்கில், "காலர் ரெண்டும் ஒண்ணா இல்லையேட்டி, இதெல்லாம் ஒரு யூனிபாரமா?" என்றார்.

"ஒங்க காலர் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு ஏட்டையா. ஏழு தடவ வந்தேன், அத வச்சு என்னத்தப் பண்ணுனீங்க?"

ஏட்டையா தன் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

நாலாவது வாரம் ஊர்க்கூட்டம் போட்டோம். மீன் இல்லாமல் ஒரு கடற்கரை ஊர் எத்தனை நாள் தாங்கும்? நிச்சயம் பண்ணிய கல்யாணங்கள் ஆறு நின்றிருந்தன, அதனால் பந்தல் துணி முழுவதும் வாடகைக்குப் போகாமல் லிங்கத்துரையின் வீட்டுக் கூடத்தில் கூரைவரை அடுக்கிக் கிடந்தது, அவன் கூட்டத்தின் நடுவில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டான். பெரியவர்கள் பேச்சிக்கனியிடம் நயமாகத்தான் பேசினார்கள்.

"அந்த முடிச்சை இப்ப அவுத்துரு தாயீ. பெறகு லிங்கத்துரைகிட்ட நாங்க எடுத்துச் சொல்லுதோம்."

"ஆறு மாசமா ஒங்க வாய யாரு தச்சு வச்சிருந்தா?" என்று கேட்டாள் பேச்சிக்கனி.

அவள் அந்தக் காக்கியிலேயே ஒரு மாதமாகக் குளித்து, அந்தக் காக்கியிலேயே உப்பு வெயிலில் வெந்து, கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு நின்றாள். ஒரு பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்தால் போதும் என்று அவளுக்கு எத்தனை ஏக்கமாக இருந்தது என்பதைப் பிற்பாடுதான் சொன்னாள். கூட்டம் கலைந்தது, மறுநாளும் புடலங்காய்.

சும்மா கிடக்கிற பந்தல் துணியைப் பார்த்துப் பார்த்து லிங்கத்துரைக்கு ஒரு யோசனை வந்தது. கிழிசல்களையாவது பெண்டாட்டி உட்கார்ந்து தைக்கட்டும் என்று ஊசியும் நூல்கண்டும் வாங்கிப் போட்டான். மறுநாள் வழக்கம்போல் வேஷத்தின் குரல் கேட்டு ராஜகனி கதவைத் திறந்தபோது, சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட துணி மலையின் நடுவே அக்கா கையில் ஊசியோடு உட்கார்ந்திருப்பதைப் பேச்சிக்கனி கண்டாள். அரிசியை வாங்கிக்கொண்டு உடனே போகாமல், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு புலம்ப ஆரம்பித்தாள்.

"இந்தச் சட்டையத் தைக்கதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்கே யத்தை. துணிய மொதல்லயே தண்ணில முக்கிக் காயப்போடணும்னு தெரியாமப் போச்சு. அப்படியே வெட்டுனேன், சுருங்கிப் பாழாப் போச்சு."

"அறிவிருந்தாத்தான" என்றாள் ராஜகனி.

அன்று மத்தியானம் ஒரு பந்தல் துணி அந்த வீட்டுக் கொல்லையில் காய்ந்தது. அழுக்காக இருந்தது, அலசினேன் என்றாள் தங்கபுஷ்பம்.

அதன்பிறகு தினமும் ஒரு புலம்பல். கத்தரிக்கோல் இல்லாதபோது துணியின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு இரண்டு கையாலும் இழுத்தால் நேராகக் கிழியும் என்று தெரியாமல் அரிவாள்மனையில் வைத்து அறுத்துக் கோணலாக்கிய கதை ஒருநாள். அளவு டேப்பு இல்லாமல் தவித்ததும், உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய ரவிக்கையைப் பிரித்துத் துணிமேல் வைத்து வரைந்தால் போதும் என்று பிறகு கண்டுகொண்டதும் ஒருநாள். ஓரத்தில் ஒரு இஞ்சு விடாமல் வெட்டி மூச்சுத் திணறியது ஒருநாள். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் கோத்துச் சிக்கலில் மாட்டி அரை நாள் உட்கார்ந்தது ஒருநாள். தெருப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்டார்கள். ஜவுளிக் கடையில் டாக்டருக்கு ஆகிற வெள்ளைத் துணியும் போலீஸுக்கு ஆகிற காக்கித் துணியும் விற்றுத் தீர்ந்தன. சிவதாணு கடைக்குப் பாசிமாலை கேட்டு ஒருத்தியும் போகவில்லை.

இரண்டு கையும் இடது கையாகப் போன கதையைச் சொன்ன அன்று ராஜகனிக்கே பொறுக்கவில்லை. அரிசிப் படியைக் கீழே வைத்தாள்.

"போட்டி கூறு கெட்டவளே! ரெண்டு துணியையும் ஒண்ணோட ஒண்ணு மொகம் பாத்து வச்சு ஒரே வெட்டா வெட்டணும். அப்பத்தான் ஒண்ணு வலது, ஒண்ணு இடதுன்னு வரும். இதுகூடவா தெரியாது?"

"தெரியலையே யத்தை. இன்னொரு தடவ சொல்லுங்க, மொகம் பாத்து எப்படி வைக்கணும்?"

ராஜகனி தன் முந்தானையையே இரண்டாக மடித்து விளக்கமாகக் காட்டினாள். தோளில் கையைப் பொருத்தும்போது லேசாகச் சுருக்கி வைத்தால்தான் கையைத் தூக்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். முதலில் லேசாகப் பெருந்தையல் போட்டு, உடம்பில் மாட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் பிறகு இறுக்கித் தைக்க வேண்டும் என்றாள். அவளிடம் யாரும் எதையும் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, அதனால் சந்தோஷமாகவே சொன்னாள். அவளுக்குப் பின்னால் தங்கபுஷ்பம் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் புலம்பல் சின்னதுதான். "எல்லாந் தெரிஞ்சிக்கிட்டேன் யத்தை. முடிச்ச மட்டும் ரெண்டு முனையிலும் போட்டுட்டேன்."

கார்த்திகை பிறந்த அன்று காலையில் பேச்சிக்கனி வாசலில் நின்று குரல் கொடுத்தாள். ராஜகனி பூட்டைத் திறந்துவிட்டு அரிசி அள்ளப் படியோடு திரும்பியபோது தங்கபுஷ்பம் அவளைக் கடந்து வந்தாள். சிவப்பும் மஞ்சளும் கோடு போட்ட முழங்கால்வரைக்குமான சட்டை, நீலப் பந்தல் துணியில் கால்சட்டை, சட்டையில் இரண்டு பக்கமும் ஆழமான பை. கல்யாணப் பந்தலே எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது.

"என்னட்டி கோலம் இது?" என்று ராஜகனி கத்தினாள்.

"வேஷம் யத்தை. கொடி இன்னும் எறங்கல."

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து லிங்கத்துரை ஓடி வந்தான். சிவதாணு வந்தார், நாங்கள் எல்லாரும் வந்தோம்.

"இது என்ன வேஷம்? ராஜாவா, குறத்தியா?" என்று சிவதாணு அதட்டினார்.

"வீட்ட விட்டுப் போறவ வேஷம்" என்றாள் தங்கபுஷ்பம்.

"அப்படி ஒரு வேஷமே கெடையாதே!"

"இல்லைன்னுதான் தச்சேன் அண்ணாச்சி."

அவள் நிலைப்படியைத் தாண்டித் தெருவில் காலை வைத்தாள். லிங்கத்துரை கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றான். குடும்ப விஷயம் என்கிற சொல் எங்கள் எல்லாருடைய நாக்கிலும் தயாராக இருந்தது, என் நாக்கிலும்தான். அப்போது கூட்டத்தில் இருந்து மீன்காரி சுடலைவடிவு, ஆறு வாரமாகக் கூடையைத் தொடாதவள், "லிங்கத்துரை, வேஷம் போவுதுல்லா, குறுக்கே நிக்காத" என்றாள். இன்னொருத்தி சொன்னாள். பிறகு ஆண்களும் சொன்னோம், கொஞ்சம் தாமதமாகச் சொன்னோம், ஆனாலும் சொன்னோம். அவன் விலகவில்லை. அவளுடைய கையைப் பிடித்து, சட்டையைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தான். டர்ரென்று கிழிந்தது அவனுடைய சட்டை, அக்குளில் இருந்து இடுப்புவரை. கோடு போட்ட சட்டையில் ஒரு இழைகூட அசையவில்லை. அவன் கையை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான். ராஜகனி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், திட்டவும் இல்லை, அழவும் இல்லை, மருமகளின் தோளில் கை பொருத்தியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவும் தங்கையும் நடுத்தெருவில் நடந்தார்கள். நாங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டோம். ஒரு வேஷமாக இருந்தது இரண்டாகிவிட்டது, இனி மீன் கண்ட மாதிரிதான் என்று யாரோ முனகினார், அவர் பெண்டாட்டி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

உப்பளத்துத் திருப்பம் வந்ததும் பேச்சிக்கனிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இடது கை பைக்குள் இருந்த முடிச்சைத் தேடிப் போக, வலது கையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் நிறைந்து, "எக்கா, எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

தங்கபுஷ்பம் நின்றாள். வலது கையை நன்றாக உயர்த்தி, இறக்கி, மறுபடியும் உயர்த்திப் பார்த்தாள்.

"இங்கன கொஞ்சம் இழுக்கு. அடுத்த சட்டைக்கு அரை இஞ்சு கூட விட்டு வெட்டணும்."